பிறர்பொருட்டுப் பேசுதல்

பசித்தவனுக்குச் சோறிடுவதில் ஐயத்திற்கு இடமில்லை. உண்டவனுடைய பசி தீர்ந்தது. இட்டவனுடைய கடமையும் முடிந்தது. நோயுற்றவனுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும் ஏறக்குறைய அத்தகையதே. ஆனால் ஒருவனுக்குச் சட்டத்தின் உதவியைத் தேடிக் கொடுப்பது அவ்வளவு எளிய அறமன்று. அங்கே கொடுக்கப்படும் பொருள் கொடுப்பவனுடையதன்று. பெறுகின்றவனுக்கு முன்னரே உரியது. வழியில் எங்கோ தடைபட்டுக் கிடந்ததை அவன் கைக்குச் சேர்ப்பிக்கும் ஏவலாளன் மட்டுமே நாம். அந்த ஏவலாளன் தன்னை வள்ளல் என்று எண்ணிக்கொண்டால் என்ன நேரும் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் கேள்வி.

மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை கூறும் அமைப்புகளில் தொண்டு செய்ய முன்வருவோர் இன்று பல நகரங்களில் இருக்கின்றனர். ஓய்வு பெற்ற ஆசிரியர், சட்டக் கல்லூரி மாணவர், சமூகப் பணி பயில்வோர், தம் வீட்டிலேயே இத்தகைய பிள்ளையை வளர்த்துப் பட்டறிவு பெற்ற தாய்மார் எனப் பலதிறத்தார் வருகின்றனர். இத்தொண்டிற்குத் தேவை மிகுதி. 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அக்கணக்கு எடுத்தபோது சட்டம் ஏற்றிருந்த குறைபாட்டு வகைகள் சிலவே. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்தவை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபத்தொன்றாக விரிந்தன. ஆகவே உண்மைத் தொகை இன்னும் பெரிதாகவே இருத்தல் வேண்டும்.

சட்டம் இவர்களைக் கைவிட்டுவிடவில்லை. வறுமையாலோ பிற குறையாலோ எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பதற்காக 1976இல் அரசியலமைப்பில் 39அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிகளை இலவசச் சட்ட உதவி பெறுதற்கு உரியோர் வரிசையில் வைத்தது. அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வழக்கறிஞர் கட்டணமும் நீதிமன்றக் கட்டணமும் அரசைச் சார்ந்தவை. இவையெல்லாம் ஏட்டில் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அந்த ஏட்டைப் பார்வையற்றவர் எவ்வாறு படிப்பார்? அந்த அலுவலகம் இரண்டாம் மாடியில் இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவர் எவ்வாறு ஏறுவார்? செவி கேளாதவர் வாயிற்காவலரிடம் தம் வழக்கை எந்த மொழியில் உரைப்பார்? சட்டத்திற்கும் மனிதருக்கும் இடையே உள்ள இந்தச் சில அடித் தூரத்தில்தான் தொண்டருக்கு வேலை இருக்கின்றது.

அந்த வேலை நீதிமன்றத்தில் வாதாடுவதன்று. அது வழக்கறிஞர்க்கே உரியது. தொண்டர் செய்வது பெரும்பாலும் சிறு செயல்களே: கேட்பது, எழுதுவது, படித்துக் காட்டுவது, உடன் செல்வது. உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது என்பார் ஒருவர். எந்தச் சான்றின் காலம் முடிந்தது என்று தேடவேண்டும். பார்வையில்லாதவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகம் தர மறுத்தனர் என்பார் மற்றொருவர். வங்கி மேலாளருக்குக் கடிதம் எழுதவேண்டும். விபத்தில் காலிழந்த அரசு ஊழியரிடம், இனி இப்பணிக்கு உதவீர் என்று ஓலை நீட்டியிருப்பார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அவ்வாறு நீக்குவதையும் பதவியில் இறக்குவதையும் தடுக்கின்றது. வேறு பணிக்கு, அதே ஊதியத்தில் மாற்றவேண்டும் என்கின்றது. பணியின்போது காயமுற்று ஒரு காலை இழந்த காவலர் ஒருவரின் வழக்கில், பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே, உச்ச நீதிமன்றம் 2003இல் இதனை நிலைநாட்டியது. இருந்தும் அந்த ஓலைகள் இன்றும் எழுதப்படுகின்றன. அறியாமையால் எழுதுவோர் பாதி, எதிர்க்க ஆளிராது என்னும் துணிவால் எழுதுவோர் பாதி.

இடையே ஒரு சொல். இம்மக்களை அழைக்கும் பெயர்கள் நம் காலத்தில் பலமுறை மாறிவிட்டன. அங்கஹீனர் என்றோம், ஊனமுற்றோர் என்றோம், மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். வடமொழிச் சொல்லால் தெய்வ அங்கம் உடையோர் என்ற பெயரும் அண்மையில் வந்தது. இழிசொல் நீங்குவது நன்றே. ஆனால் பெயர் நான்கு முறை மாறிய காலத்தில் அலுவலகப் படிக்கட்டு ஒருமுறையும் மாறவில்லை என்றால், நாம் மாற்றியது நம் நாவை மட்டுமே. தெய்வ அங்கம் என்று போற்றப்படுபவர் கேட்பதோ ஒரு சரிவுப்பாதை.

இனி முதற்கேள்விக்கு வருவோம். இரக்கம் உடையவனே இத்தொண்டிற்கு வருகின்றான். இரக்கமில்லாதவன் அந்தப் பக்கமே வாரான். ஆயினும் அந்த இரக்கமே முதல் நாளில் அவனை வழுவச் செய்கின்றது. ஆலோசனை கேட்க வருபவர் பெரும்பாலும் துணையோடு வருவார். மேசைக்கு எதிரே இருவர் அமர்வர். நடுத்தர வயதுடைய, பேச்சுத் தெளிவில்லாத ஒருவர். அவருடன் தமையனோ மைத்துனரோ. தொண்டருடைய கண் யாரை நோக்குகின்றது? தெளிவாகப் பேசுபவரையே நோக்குகின்றது. “இவருக்கு என்ன வேண்டுமாம்?” என்று தமையனைக் கேட்கின்றார். ‘இவர்’ அங்கேதான் இருக்கின்றார், கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றார். தம்மைப் பற்றியே நிகழும் பேச்சில் அவர் மூன்றாம் மனிதராகிவிட்டார். ஒரு நொடியில், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், அவருடைய வழக்கு இன்னொருவர் கைக்குப் போய்விடுகின்றது.

நம் மொழியில் இக்குற்றம் இன்னும் கூர்மையாக வெளிப்படும். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் வைத்திருக்கிறோம் அல்லவா? நாற்பது வயதுடைய ஒருவரை, அவர் கை நடுங்குகின்றது என்பதற்காக, “என்ன தம்பி, சாப்பிட்டாயா?” என்று கேட்போர் எத்தனை பேர்! முப்பத்தைந்து வயதுடைய பெண்ணைப் பாப்பா என்று அழைக்காத அலுவலகம் உண்டோ? அதே மேசையில் அவளைவிட இளையவனான அவள் தம்பிக்கு “நீங்கள் உட்காருங்கள் சார்” என்று நாற்காலி கிடைக்கின்றது. அன்பினால் அழைத்தோம் என்பார்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தையிடம் யாரும் கையொப்பத்தின் பொருளைப் பற்றிப் பேசுவதில்லை; பாப்பா என்று அழைத்தவளிடமும் பேசமாட்டார்கள். அழைப்பு முறையிலேயே தீர்ப்பும் அடங்கிவிடுகின்றது.

இதனைச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர் என்றே தோன்றுகின்றது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையை நம் நாடு 2007இல் உறுதி செய்தது. அதன் வழிவந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பிறரோடு ஒப்பச் சட்டத் தகுதி உடையோர் என்கின்றது. சொத்து வைத்திருக்கலாம், மரபுரிமையாகப் பெறலாம், தம் பணத்தைத் தாமே ஆளலாம். துணை வேண்டுமாயின் துணை கொள்ளலாம். அத்துணையை மாற்றலாம், முற்றும் விலக்கவும் செய்யலாம். துணை நிற்பவர் தகாத செல்வாக்கைச் செலுத்தலாகாது. அவருடைய தன்னுரிமையையும் மதிப்பையும் மறைபொருளையும் காக்கவேண்டும். 14ஆம் பிரிவில் பாதுகாவலர் பற்றிய விதியும் மாறியது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் என்பவர் ஏறக்குறைய பெற்றோருடைய இடத்தில் நின்றார். 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலோ வரையறுக்கப்பட்ட பாதுகாவலர், ஒரு குறித்த முடிவுக்காக, ஒரு குறித்த காலத்திற்கு, அவரோடு கலந்து முடிவு செய்பவர். அம்முடிவும் மாற்றுத்திறனாளியின் விருப்பத்தின்படியே அமைதல் வேண்டும். முழுத்துணை என்பது அரிதாகவே அளிக்கப்படுவது. இதில் ஆழ்ந்த ஒரு கருத்து இருக்கின்றது. அறிவு குறைந்தவர் என்பதால் விருப்பமும் இல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்பதே அது.

ஏட்டில் இதனைப் படித்துத் தலையசைப்பது எளிது. கடினமான இடம் ஒன்று உண்டு. தந்தை இறந்தார். மகன் ஒருவன், மகள் ஒருத்தி. மகளுக்கு அறிவுசார் குறைபாடு. தமையன் வீட்டில் இருக்கின்றாள். அண்ணி சோறு போடுகின்றாள். 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் குடும்பப் பூர்விகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு. தமையன் விடுதலைப் பத்திரம் ஒன்றை எழுதிக்கொண்டு வருகின்றான். “இவள் கையெழுத்துச் செல்லுமா என்று மட்டும் சொல்லுங்கள்” என்கின்றான். அவளைக் கேட்டால், “அண்ணன் சொன்னால் சரி” என்கின்றாள். அவள் முகத்தில் அச்சமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை.

தொண்டர் என் செய்வது? அவள் விருப்பத்தை மதிக்கவேண்டும் என்றோம். அவள் சரி என்கின்றாள். அப்படியே விட்டால் பங்கு போய்விடும். பத்திரத்தைத் தடுத்தால் அவள் வாய்ச்சொல்லைத் தள்ளி, தமையன் இடத்தில் நாம் அமர்ந்துவிடுவோம். நல்லெண்ணமுடைய எசமானர் ஒருவர் மாறி வந்தார் என்பதைத் தவிர அவளுக்கு வேறு மாற்றம் இல்லை.

இங்கே சட்டம் ஒருவாறு வழிகாட்டுகின்றது. துணை நிற்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு குறித்த சொத்து விவகாரத்தில் நலன்கள் முரண்படுமாயின், அவ்விவகாரத்தில் மட்டும் அவர் துணை நிற்பதினின்று விலகவேண்டும். உறவினர் என்ற ஒரே காரணத்தால் முரண்பாடு உண்டென்று கொள்ளலாகாது என்றும் அப்பிரிவு கூறுகின்றது. அதுவும் நியாயமே, ஏனெனில் இந்நாட்டில் இம்மக்களை உண்மையில் காப்பவர் உறவினரே. ஆனால் விடுதலைப் பத்திரத்தில் ஒருவர் விடுவதை மற்றவர் பெறுகின்றார். முரண்பாடு அதன் முகத்திலேயே எழுதியிருக்கின்றது. ஆகவே தமையனை மதிப்போடு வெளியே அமரச் சொல்லலாம். அவளிடம் தனியே பேசலாம். ஒரு நாளில் முடியாது. இரண்டு, மூன்று முறை பேசவேண்டும். பங்கு என்றால் என்ன, கையெழுத்திட்டால் எது போகும், இடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளுக்குப் புரியும் முறையில் சொல்லவேண்டும். படம் வரைந்து காட்டினும் தவறில்லை.

அதன்பின்னும் அவள் “சரி” என்றால்? இதற்கு இருவகை விடை கூறுவோர் உளர். அச்சத்தாலும் சார்பினாலும் பிறந்த விருப்பம் விருப்பமே அன்று என்பர் சிலர். அவ்வாறாயின் நம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் நாள்தோறும் எந்தக் குறைபாடும் இல்லாத பெண்கள் எத்தனை பேர் இதே பத்திரத்தில் கையெழுத்திடுகின்றனர்! பிறந்த வீட்டு வாயில் அடைபடலாகாது, சீரும் செய்முறையும் நிற்கலாகாது என்னும் ஒரே காரணத்தால் இடுகின்றனர். அவர்களை யாரும் தனியே அழைத்து வினவுவதில்லை. அவர்களது சரி செல்லும், இவளது சரி செல்லாது என்பது எந்த நியாயம்? மற்றொரு சாரார், விருப்பம் என்று சொன்னபின் நமக்கென்ன என்று ஏட்டை மூடுவர். இதுவும் எனக்கு உடன்பாடன்று. ஒரே கதவுள்ள அறையில் நிற்பவனிடம் எந்தக் கதவு வழியே போகிறாய் என்று கேட்டு, அவன் விடையை அவனுடைய சுதந்திரம் என்று எழுதிக்கொள்வது கேலிக்கூத்து.

ஆகவே தொண்டரின் கடமை அவளுடைய விடையை மாற்றுவதன்று. கதவுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. அவள் பெயரில் உதவித்தொகை வருகின்றதா? வருமாயின் யார் கையில் செல்கின்றது? தமையன் வீடன்றி வேறு தங்குமிடம் உண்டா? பங்கை விடாமலே தமையனோடு வாழ்வதற்கு ஓர் ஒப்பந்தம் எழுத இயலுமா? பங்கை வைத்துக்கொண்டு அதன் வருவாயை அண்ணன் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ள வழியுண்டா? பெரும்பாலான தமையன்மார் கொடியவர் அல்லர். தமக்குப் பின் தங்கையை யார் பார்ப்பார் என்ற கவலையும், நிலம் கைமாறிவிடுமோ என்ற ஐயமும் உடையவரே. அவர்களோடும் பேசலாம். இத்தனையும் செய்தபின், இரண்டு மூன்று வழிகளை அறிந்தவளாக அவள் ஒன்றைத் தெரிந்தால், அது நமக்குப் பிடிக்காததாயினும் அவளுடையது. அதனைத் தாங்கும் வலிமை தொண்டருக்கு வேண்டும். இது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லா வழக்கிலும் இரண்டாம் கதவு கிடைத்துவிடும் என்றும் சொல்லமாட்டேன்.

‘உன் நன்மைக்காகவே’ என்னும் சொல்லினால் விளைந்த கேடுகளுக்கு நீதிமன்ற ஏடுகளே சான்று. 2012இல் கொல்கத்தாவிலிருந்து கோவாவில் நடைபெறவிருந்த மாநாட்டிற்குப் புறப்பட்ட ஜீஜா கோஷ் என்ற பெண்மணி விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவருக்கு மூளை முடக்குவாதம் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகவே உழைப்பவர். அவரது உடல்நலம் கருதியே இறக்கினோம் என்றனர். 2016இல் உச்ச நீதிமன்றம் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு அளிக்கக் கட்டளையிட்டது. எழுதுங்கால் கை இறுகிக்கொள்ளும் நோயுடைய விகாஸ் குமார் என்ற இளைஞர், குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுதித்தருவார் ஒருவரை வேண்டினார். குறைபாடு நூற்றுக்கு 40 என்னும் அளவை எட்டவில்லை என்று மறுக்கப்பட்டது. 2021இல் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில், பார்வையற்ற பெண் ஒருவர் தமக்குக் கொடுமை செய்தவனைக் குரலால் அடையாளம் காட்டியதை, கண்ணால் கண்ட சாட்சியினும் தாழ்ந்ததாக மதித்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. 2025 ஏப்ரலிலோ, வங்கிக் கணக்கிற்காகக் கணிப்பொறியின் முன் கண் இமைத்துக் காட்டவேண்டும் என்னும் முறை, அமிலத் தாக்குதலால் இமைக்க இயலாதவரை வெளியே நிறுத்துகின்றது என்ற வழக்கில், மாற்றுவழி அமைக்கக் கட்டளைகள் பிறந்தன. இவை அனைத்திலும் குறை எங்கே இருந்தது? உடலில் மட்டும் இருந்ததா?

வெற்றிகளை மட்டும் சொல்லி ஆள் சேர்ப்பது நேர்மையாகாது. இத்தொண்டில் சோர்வு மிகுதி. மாநில ஆணையர் ஒருவர் இருக்கின்றார், முறையீட்டை விசாரிப்பார், ஆனால் அவர் முடிவு பரிந்துரை என்னும் அளவிலேயே நிற்கும். சட்டத்தை முதன்முறை மீறினால் தண்டம் 10,000 ரூபாய் வரையில்தான். பொதுக் கட்டடங்களும் சாலைகளும் பார்வையற்றோர்க்கு ஏற்றவையாதல் வேண்டும் என்று ராஜீவ் ரதூரி என்பவர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது 2005இல். 2017இல் கட்டளைகள் பிறந்தன. 2024 நவம்பரில்தான், அணுகல் விதிகளைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்திற்கு முரணானது என்று நீக்கப்பட்டது. ஒரு படிக்கட்டின் வழக்கு பத்தொன்பது ஆண்டு நடந்தால், மேசையில் அமர்ந்திருக்கும் தொண்டர் எதிரே இருப்பவரிடம் என்ன சொல்வது? உண்மையையே சொல்லவேண்டும். பொய்ந்நம்பிக்கை ஊட்டுவதைவிடப் பெரிய கொடுமை இவ்விடத்தில் இல்லை. “இது நடக்கலாம், நடக்காமலும் போகலாம், இத்தனை நாள் ஆகலாம், எனக்கு இவ்வளவே தெரியும், மேற்கொண்டு வழக்கறிஞரைக் கேட்போம்” என்னும் சொல் வறண்டதாயினும் மதிப்புடையது.

தொண்டருக்கு மற்றொரு சோதனை உண்டு. அது புகழ் வழியே வருவது. மூன்று சக்கர வண்டி வழங்கும் விழாப் படங்களை நாம் பார்த்திருக்கிறோம். வண்டி ஒன்று, அதில் அமர்ந்தவர் ஒருவர், பின்னால் பல்லைக் காட்டி நிற்போர் பன்னிருவர். சட்ட உதவியில் வண்டி இல்லை. ஆகவே கதையை வழங்குகின்றனர். வந்தவருடைய துன்பத்தை, ஊரும் உறவும் தெரியும்படி, கூட்டங்களில் உருக்கமாக எடுத்துரைக்கின்றனர். கேட்போர் கண்ணீர் விடுகின்றனர். அவர் அதற்கு இசைந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. வழக்கறிஞரிடம் சொன்னது மறைபொருள் என்று அறிந்தவர்களே தொண்டரிடம் சொன்னதைப் பொதுச்சொத்தாக எண்ணுகின்றனர்.

கொடுப்போர் ஓரினம், பெறுவோர் ஓரினம் என்ற எண்ணம் நீங்கும் வரை இக்குறைகள் தீரா. மத்தியப் பிரதேசத்து நீதித்துறைப் பணி விதி ஒன்று பார்வையற்றோரை நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்கவொட்டாமல் விலக்கியிருந்தது. பார்வையற்ற மகனையோ மகளையோ உடைய தாய் ஒருவர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காயிற்று. 2025 மார்ச் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளியது. மேசைக்கு இப்புறம் மனுவோடு நிற்பவர் என்று நாம் எண்ணியவர் அப்புறம் தீர்ப்புக் கூறும் இருக்கைக்கும் உரியவர் ஆனார். அவ்வாறிருக்க, ஆலோசனை மையத்தின் தொண்டர் நாற்காலி மட்டும் அவர்க்கு எட்டாததா? சைகை மொழி அறிந்த செவி கேளாதார் ஒருவர் அங்கே அமர்ந்தால், செவியுள்ள பத்துப்பேர் எழுதிப் புரியாததை ஒரு நாழிகையில் புரிந்துகொள்வார். எந்த அலுவலகத்தில் எந்த வாயில் வழியே சக்கர நாற்காலி நுழையும் என்பதை நாற்காலியில் செல்பவரே அறிவார். சட்டப் புத்தகம் அறியாது.

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் வகுத்த சட்டத் தன்னார்வத் தொண்டர் திட்டத்தின்படி, இப்பணிக்குச் சட்டப் பட்டம் வேண்டுவதில்லை. எழுத்தறிவும் கேட்டறியும் பொறுமையும் உடையவர்க்கு அவர்களே பயிற்சி அளிக்கின்றனர். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். உதவி வேண்டுவோர் 15100 என்ற எண்ணில் தொலைபேசியில் அழைக்கலாம். பேச இயலாதவர் அந்த எண்ணில் எவ்வாறு அழைப்பார் என்று கேட்கும் தொண்டர் ஒருவர் ஒவ்வோர் அலுவலகத்திற்கும் தேவைப்படுகின்றார்.